சிகரி ஈன்ற வெள்ளைக் குட்டி

எங்கள் பக்கம் வேட்டை நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள், பெண் பார்க்க வருகிறவர்களைப் போலத்தான் வருவார்கள். தாய் எது, தகப்பன் எது, தாயின் தாய் எந்த வீட்டில் வளர்ந்தது, எந்தப் பந்தயத்தில் ஓடியது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். குட்டியின் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள், வாலை நீவிப் பார்ப்பார்கள், வாயைத் திறந்து பல்வரிசை பார்ப்பார்கள். யமனப்பாவின் வாசலில் மட்டும் இந்தக் கேள்விகள் குறைவு. சிகரியின் குட்டி என்றால் போதும். புனேயிலிருந்து கார் போட்டு வருகிறவர்கூட அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

சிகரி என்றால் மான். பெயருக்கு ஏற்ற பெட்டை. ஒடுங்கிய வயிறு, நீண்ட முகம், ஓடினால் கரிசல் மண்ணில் கால் பட்டதா படவில்லையா என்று தெரியாது. அதை வைத்துத்தான் முதோள் வட்டாரத்தில் யமனப்பாவுக்குப் பெயர். டீக்கடையில் அவருக்கு இடம் விட்டு எழுந்து நிற்பார்கள். தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் கிடைக்காத மரியாதை, நாய்க்குட்டி கொடுத்த இடங்களில் கிடைக்கிறது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

மூன்றாவது ஈத்தில் சிகரி போட்ட குட்டிகளில் ஒன்று முழு வெள்ளை. மூக்கு கூடக் கொஞ்சம் ரோஜா நிறம். பார்க்க அவ்வளவு அழகு. குட்டிகள் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததும் யமனப்பாவின் மனைவி காசவ்வா பாலில் சோள ரொட்டியைப் பிய்த்து ஊறவைத்து, தட்டைத் தரையில் 'ணங்'கென்று வைப்பாள். அந்தச் சத்தத்துக்கு எல்லாக் குட்டிகளும் உருண்டு புரண்டு ஓடி வரும். வெள்ளைக் குட்டி மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கும். வேறொரு குட்டி அதன் வயிற்றை மிதித்துக்கொண்டு போனால்தான் திடுக்கிட்டு விழிக்கும். விழித்ததும் மற்றவற்றைப் பார்த்து அதுவும் ஓடும்.

முதலில் சோம்பல் என்று நினைத்தார்கள். ஒருநாள் காலை யமனப்பா குட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கை தட்டினார். திரும்பவில்லை. விசிலடித்தார். காலித் தகர டின்னை எடுத்துக் கரண்டியால் அடித்தார். தெருக்கோடியில் எருமை மிரண்டது. குட்டி தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து காசவ்வா எட்டிப் பார்த்தாள்.

"செவிடா?"

"சத்தமாப் பேசாதே" என்றார் யமனப்பா.

"அதுக்குத்தான் கேக்காதே."

"தெருவுக்குக் கேக்கும்ல!"

காசவ்வா வந்து குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அது அவள் வளையலைக் கடிக்க ஆரம்பித்தது. "பாவம். இது இங்கேயே கிடந்துட்டுப் போகட்டும். ஒரு ரொட்டி கூடச் சுடறதுல என் கை தேஞ்சிடாது."

"வாசல்ல கட்டிப்போட்டா, வர்றவன் போறவன் எல்லாம் கேக்க மாட்டானா? சிகரி வயித்துல செவிடு பொறந்திருக்குன்னு நமக்குப் போட்டியாக் குட்டி விக்கற அந்த லோகாபுரத்துக்காரன் தண்டோரா போட்டுருவான். அப்புறம் அவளோட மத்த குட்டியெல்லாத்தையும் சந்தேகத்தோட பாப்பாங்க. ரத்தம் கெட்டுப்போச்சும்பாங்க."

"பிறந்தது பிறந்தாச்சு. அதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

வெட்கம்தான் அது. தன் வீட்டில் ஒரு குறை பிறந்துவிட்டது என்கிற வெட்கம். யார் வந்தாலும் அந்தக் குட்டியை மட்டும் உள்ளறையில் சாக்குப் போட்டுப் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிடுவார். எந்தச் சத்தத்துக்கும் விழிக்காத குட்டி என்பதால் அது வசதியாகவே இருந்தது.

தீபாவளி முடிந்து கரும்பு வெட்டு தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜமகண்டியிலிருந்து குருபாதப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். பஸ் கண்டக்டர். பின்னால் அவருடைய ஒரே மகள் தானம்மா, ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவள், பிறந்தநாள் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு ஒரு குட்டி என்று வெகுநாளாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர்களுக்காக ஒரு பழுப்புக் குட்டியை யமனப்பா நிறுத்தி வைத்திருந்தார். அன்றைக்கு உள்ளறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை போலும். எல்லாக் குட்டிகளோடும் வெள்ளைக் குட்டியும் வாசலுக்கு வந்துவிட்டது.

யமனப்பா அதைத் தூக்கி உள்ளே விடப் போன நேரத்தில் தெருவில் கரும்பு டிராக்டர் ஒன்று வந்தது. எங்கள் பக்கத்து டிராக்டர்களைத்தான் தெரியுமே. இரண்டு டிரெய்லர், மேலே மலை மாதிரி கரும்பு, டிரைவர் தலைக்கு மேல் ஆளுயர ஸ்பீக்கர். பாட்டு ஒரு கூச்சல், அதற்கு மேல் ஹார்ன் ஒரு கூச்சல். பழுப்புக் குட்டி உட்பட எல்லாம் வாலை ஒடுக்கிக்கொண்டு கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டன. வெள்ளைக் குட்டி மட்டும் நடு வாசலில் உட்கார்ந்து குருபாதப்பாவின் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா! அப்பா, இதப் பாருங்க!" தானம்மா குதித்தாள். "இது பயப்படவே இல்ல! இதுதான் தைரியசாலி! எனக்கு இதுதான் வேணும்!"

குருபாதப்பாவும் வியந்துபோனார். "அட, ஆமா. பெரிய ஆள்தான் போல." பிறகு யமனப்பா பக்கம் திரும்பினார். "யமனப்பண்ணா, இது எப்படி? கொறை ஒண்ணும் இல்லியே?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் என்றால் தினமும் நூறு பேரிடம் வாய் கொடுக்கிறவர். ஒரு வாரத்தில் முதோள், ஜமகண்டி இரண்டு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் செய்தி பரவிவிடும்.

"சிகரி வயித்துல கொறையா?" என்று சிரித்தார் யமனப்பா. "இது பயப்படாத சாதி, கண்டக்டர் சார். உங்க பொண்ணுக்கு நல்ல கண்ணு."

தானம்மா குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள். "மாமா, கூப்பிட்டா வருமா?"

"வராம? கையால சோறு போடு. தெனமும் பேர் சொல்லிக் கூப்பிடு. கூப்பிடக் கூப்பிடத்தான் யவ்வா, நாய்க்குப் பேர் படியும்."

"பெள்ளின்னு வெக்கப் போறேன்."

"நல்ல பேரு. வெள்ளி மாதிரிதானே இருக்கு."

குட்டி வீட்டை விட்டுப் போகும்போது காசவ்வா வந்து அதன் நெற்றியில் குங்குமம் வைப்பாள், வாங்க வந்தவர் வாயில் ஒரு துண்டு வெல்லம் போடுவாள். மகளை அனுப்புகிற மாதிரி அது அந்த வீட்டு வழக்கம். அன்றைக்கு யமனப்பா இரண்டு தரம் குரல் கொடுத்தும் அவள் வெளியே வரவில்லை. உள்ளே ரொட்டி தட்டுகிற சத்தம் மட்டும் வேகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவரே குங்குமம் வைத்தார். விலையையும் குறைக்கவில்லை. குறைத்தால் ஏன் என்று கேட்பார்களே.

மோட்டார் சைக்கிள் போனதும் அவருக்குத் தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டார். காசவ்வா பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் கொஞ்ச நாள் ஜமகண்டியிலிருந்து போன் வரும் என்று பயந்துகொண்டிருந்தார். என்ன பதில் சொல்வது என்று கூட யோசித்து வைத்திருந்தார். 'இங்கே இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, காதுல தண்ணி கிண்ணி போச்சோ என்னவோ.' போன் வரவில்லை. சங்கராந்தி வந்து எள்ளும் வெல்லமும் மாற்றிக்கொண்டாயிற்று. வெள்ளைக் குட்டியை அவர் ஏறக்குறைய மறந்தே போனார்.

சங்கராந்தி கழிந்து ஒருநாள், மோட்டாருக்கு ஒரு உதிரி பாகம் வாங்க யமனப்பா ஜமகண்டி பஸ் ஏறினார். சந்தை நாள். கூடையும் மூட்டையுமாகக் கூட்டம். எப்படியோ ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான், முன்பக்கமிருந்து டிக்கெட் கிழித்துக்கொண்டு வருகிற கண்டக்டர் யார் என்று பார்த்தார். இறங்கிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

குருபாதப்பாவும் அவரைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. பக்கத்தில் வந்தும் நிமிர்ந்து பார்க்காமல் கைப்பையைத் துழாவிக்கொண்டு நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று யமனப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு யமனப்பண்ணா" என்றார் குருபாதப்பா.

யமனப்பாவுக்குப் புரியவில்லை.

"அவ்வளவு நல்ல குட்டி குடுத்தீங்க. காப்பாத்தத் தெரியல எங்களுக்கு. போன் பண்ணிச் சொல்லணும்னு நாலு தரம் எடுத்தேன். தைரியம் வரல."

"என்ன... என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சு." குருபாதப்பா யாருக்கோ சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பினார். "சங்கராந்திக்கு முந்தின வாரம். என் பொண்ணு கேட்டைச் சரியாச் சாத்தல. குட்டி ரோட்டுக்குப் போயிடுச்சு. கரும்பு டிராக்டர். இவ வாசல்ல நின்னு பெள்ளி, பெள்ளின்னு கத்தறா. பாட்டு ஊருக்கே கேக்குது, ஹார்ன் அடிக்கிறான், அது திரும்பிக்கூடப் பாக்கல. நடு ரோட்டுல நின்னு எதையோ மோந்து பாத்துட்டு நிக்குது. டிரைவர் இறங்கி வந்து அழுதான். 'இவ்வளவு சத்தத்துக்கு எருமை கூட ஒதுங்கிடும் சார், இது என்ன நாய்'ன்னான்."

"பயமே இல்லாத குட்டின்னு நீங்க சொன்னீங்க. அந்தப் பயமில்லாததுதான் அதைக் கொன்னுடுச்சு" என்றும் சொன்னார்.

பக்கத்தில் கத்திரிக்காய்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டுக்கொண்டே வந்தார். "வேட்டை நாயக் கொண்டுபோய்ப் பொட்டப்புள்ள கையில குடுத்தா இப்படித்தான் ஆகும். அவங்களுக்கு வெளையாட்டு."

"ஆமாங்க. அந்தக் கோவத்துல அடிச்சுட்டேன்" என்றார் குருபாதப்பா. குரல் தழைந்துவிட்டது. "இதுவரைக்கும் அவமேல கை வெச்சதில்ல. 'கூப்பிட்டேன்பா, கூப்பிட்டேன்பா'ன்னே சொல்றா. கூப்பிட்டா வராம இருக்குமா, நீ எங்கயோ பராக்குப் பாத்துட்டு நின்னிருப்பேன்னு இன்னும் ரெண்டு வெச்சேன். அதுல இருந்து என்கூடப் பேசறதில்ல. தட்டைக் கொண்டுவந்து வெச்சா சாப்பிடறா, இல்லேன்னா இல்ல. சரி, அதை விடுங்க. நீங்க மன்னிக்கணும் அண்ணா. அருமையான வம்சத்துக் குட்டி."

அவர் கைகூப்பினார். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் யமனப்பா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள். கத்திரிக்காய்க் கூடைக்காரர் கூட.

"விடுங்க கண்டக்டர் சார்" என்றார் அவர். "நடந்தது நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

"பெரிய மனசு உங்களுக்கு" என்றார் குருபாதப்பா. டிக்கெட்டுக்கு யமனப்பா நீட்டிய நோட்டையும் வாங்கவில்லை. "உங்ககிட்டப் போய் வாங்குவேனா" என்று கையைத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் போனார்.

அடுத்த நிறுத்தத்தில் யமனப்பா இறங்கிவிட்டார். உதிரி பாகம் வாங்கவில்லை. வெட்டி முடித்த கரும்புக்காடு இரண்டு பக்கமும் எரிந்து கருகிக் கிடந்தது. அதன் நடுவே வந்த வழியே திரும்பி நடந்தார். அவர் காதில் வேறெதுவும் இல்லை, 'விடுங்க கண்டக்டர் சார்' என்று தான் சொன்ன குரல்தான். எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னோம்! அதை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. எதிரே மாட்டு வண்டியில் வந்த ஊர்க்காரர் "என்ன யமனப்பா, நடந்து வர்றே?" என்று கேட்டதற்குக் கூட நின்று பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டில் காசவ்வா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். டிராக்டர், பாட்டு, பஸ்ஸில் கைகூப்பியது. அவள் கை நின்றுவிட்டது.

"அந்தப் புள்ளைய அடிச்சானா?"

"ம்."

"எத்தனை அடி..." என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து அவர் நின்றுகொண்டே இருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நான் மட்டும் என்ன?" என்றாள் காசவ்வா. "வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரொட்டி தட்டறேன்னு உள்ள உக்காந்துகிட்டேன். குங்குமம் வெக்காம இருந்துட்டா என் பங்கு தீர்ந்துச்சுன்னு நெனச்சேன்."

இரண்டு நாள் யமனப்பா சரியாகத் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, இன்னொரு பெட்டை போட்டிருந்த குட்டிகளில் நல்லதாக ஒன்றைத் தூக்கிக் கூடையில் வைத்தார். தகர டின்னைத் தட்டி அதன் காதைச் சோதித்துக்கொண்டார்.

காசவ்வா வாசலில் வந்து நின்றாள். "குட்டி எதுக்கு?"

"அந்தப் பொண்ணுக்குக் குடுக்க."

"குடுத்துட்டு என்ன சொல்லப்போறீங்க?"

அவர் கூடையின் மூடியைச் சரிசெய்தார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. குட்டிய அவ கையில குடுத்துட்டு, நல்ல மனுஷன்னு பேர் வாங்கிட்டு, அங்க டீயும் குடிச்சிட்டு வந்துருவீங்க. அந்தக் குட்டிய இறக்கி வைங்க. வாய மட்டும் எடுத்துட்டுப் போங்க."

இறக்கி வைத்தார்.

குருபாதப்பாவின் வீடு ஜமகண்டியில் பெரிய ரோட்டை ஒட்டியே இருந்தது. இரும்பு கேட். யமனப்பா அதைப் பார்க்காமல் உள்ளே போனார். குருபாதப்பாவுக்கு அன்று விடுப்பு. பனியனோடு உட்கார்ந்திருந்தவர் பதறி எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். "அடடா, நீங்களே தேடிட்டு வந்துட்டீங்களா! சாந்தவ்வா, யார் வந்திருக்காங்க பாரு. சிகரி வீட்டு யமனப்பண்ணா." அவர் மனைவி தாளித்த அவலும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். ஒரு பிழை செய்துவிட்ட வீட்டில், மன்னித்தவரை உட்காரவைத்து உபசரிக்கிற மாதிரி இருந்தது எல்லாம்.

"தானம்மா! இங்க வா. மாமாகிட்ட என்ன சொல்லணும்?"

உள்ளேயிருந்து அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். தகப்பனைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "மாமா, கேட்டை நான்தான் சாத்தல. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்குங்க."

யமனப்பா அவல் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

"அதுக்குக் காது கேக்காது" என்றார்.

"யாருக்கு?" என்றார் குருபாதப்பா.

"குட்டிக்கு. பொறந்ததுல இருந்தே. ரெண்டு காதும்."

சாந்தவ்வா டீ டம்ளரோடு நின்றுவிட்டாள். குருபாதப்பா சிரிக்கப் பார்த்தார், முகம் பாதியில் நின்றது. "டாக்டர் யாராவது சொன்னாங்களா? இல்ல... உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே தெரியும். பாப்பா கூப்பிட்டிருப்பா. அது கேட்டிருக்காது. வேற யார் கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்காது. தப்பு அவ மேல இல்ல. என்மேல."

வெளியே ஒரு லாரி போயிற்று. தானம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். ஒப்பிக்கிற குரல் போய்விட்டிருந்தது.

"அப்ப மாமா, நான் தெனமும் கூப்பிட்டேன்ல... நீங்க சொன்ன மாதிரியே கையால சோறு வெச்சுக் கூப்பிட்டேன்ல... அது ஒண்ணுமே கேக்கலையா?"

"இல்ல யவ்வா."

"அதோட பேரு பெள்ளின்னு அதுக்குத் தெரியவே தெரியாதா?"

யமனப்பாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய் சொல்லவும் வழியில்லை. தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் அழவில்லை. தகப்பன் பக்கம் திரும்பினாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினாள். "நான் கூப்பிட்டேன்னு சொன்னேன்ல."

குருபாதப்பா யமனப்பாவின் கிட்டே வந்தார். அடிப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சாந்தவ்வா "வேண்டாங்க" என்று கையை நீட்டினாள். அவர் அடிக்கவில்லை.

"குட்டிய வித்தது கூடப் போகட்டும்" என்றார் தணிந்த குரலில். "யாவாரம். பொய் சொல்றவன் சொல்லத்தான் செய்வான். பஸ்ல, அத்தனை பேருக்கு முன்னாடி, நான் உங்களைக் கும்பிட்டேன். என் பொண்ணை அடிச்சேன்னு சொன்னேன். அப்பக்கூட நீங்க... 'மனசுல வெச்சுக்காதீங்க'ன்னீங்களே. எப்படிங்க வந்துச்சு அந்த வார்த்தை?"

இரண்டு இரவாக யமனப்பாவும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. பஸ்ல பாத்தாலும் பேசாதீங்க."

யமனப்பா வாசலுக்கு வந்து செருப்பை மாட்டக் குனிந்தார். அப்போது உள்ளே குருபாதப்பா "தானூ, இங்க வா" என்பதும், அவள் போகாமல் நிற்பதும், பிறகு அவரே தரையில் உட்கார்ந்து விசும்புவதும் தெரிந்தது. அதைக் கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று யமனப்பாவுக்குத் தோன்றியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வேகமாகத் தெருவில் இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் காசவ்வா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அந்தப் புள்ள?"

"அப்பாகிட்டப் பேசிச்சு."

அவர் நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தார். சிகரி வந்து காலடியில் படுத்தது. வழக்கமாக அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பவர், அன்று கையை மடியிலேயே வைத்திருந்தார்.

சொல்லிவிட்டதால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. சிவராத்திரி ஜாத்திரையில் நாய்ப் பந்தயம் நடந்தபோது, கொல்ஹாபூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனுஷர் நாலு பேர் நடுவில் சிகரியின் வம்சத்தைப் புகழ்ந்தார். "கொறையே இல்லாத ரத்தம்" என்றார். பழைய யமனப்பாவாக இருந்தால் மீசையைத் தடவிக்கொண்டு நின்றிருப்பார். "இல்லீங்க" என்றார் அவர். "போன ஈத்துல ஒண்ணு செவிடாப் பொறந்துச்சு. தெரிஞ்சே ஒரு வீட்டுல தள்ளிவிட்டேன். டிராக்டர்ல அடிபட்டுச் செத்துப்போச்சு." லோகாபுரத்துக்காரன் அங்கேதான் நின்றான். யமனப்பா பயந்தபடியே அவன் தண்டோரா போட்டான். பொய்யாக ஒன்றும் சேர்க்கவேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை.

அந்த வருஷம் குட்டிக்குச் சொல்லி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் வேறு வீட்டுக்குப் போனார்கள். டீக்கடையில் இப்போது யாரும் இடம் விட்டு எழுந்திருப்பதில்லை. "செவிட்டு யமனப்பா" என்று ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன்கள் தெருமுனையில் நின்று கத்திவிட்டு ஓடுவார்கள். காசவ்வா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். "விடு, கூப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று அவர் தடுத்துவிடுவார்.

குருபாதப்பா தன் மகளை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விடுகிறார், இரண்டு பேரும் பேசிக்கொண்டு போகிறார்கள் என்று ஜமகண்டிச் சந்தைக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார். வீட்டில் வேறு நாய் வாங்கவில்லையாம். யமனப்பா ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தப் பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போனார். இடைவேளை நேரம். பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். தானம்மா தோழிகளோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எதையோ பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் அவரைப் பார்த்துவிட்டாள். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அவள் முறைக்கவில்லை, எழுந்து ஓடவும் இல்லை. தோழி ஏதோ கேட்க, அவள் பக்கம் திரும்பிப் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

யமனப்பா துண்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்தார்.